ஒரே அளவுப் பலகை, இரண்டு வானம்

மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் காசிமேட்டில் கடலுக்குப் போகிறவர்களுக்கு ஓய்வு, எங்களுக்கு வேலை. ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அதற்குள் அடியில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டி, பட்டி பார்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே இரண்டு கோட் எனாமல் ஏற்றி, முன்பக்கம் பெயரும் எழுதி முடித்துவிட வேண்டும். ஜூன் 14 தாண்டினால் படகு யாருக்காகவும் நிற்காது. அப்படி ஒரு மே மாத மதியம், ஏணியில் நின்று ஒரு படகின் மூக்கில் ‘ஸ்ரீ’ போட்டுக்கொண்டிருந்தேன். சாப்பாடு கொண்டுவந்த என் மகள் தூக்கை இறக்கி வைத்தாள், கூடவே ஒரு தகராறையும் இறக்கி வைத்தாள்.

அவள் எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. புகழ்பெற்ற இரண்டு ஓவியங்களை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். ஓவியங்களைத் தேட அவள் வெகுதூரம் போகவில்லை. ஒன்று அவளுடைய போன் கவரிலேயே இருக்கிறது, பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியது: வான்கோவின் ‘நட்சத்திர இரவு’. இன்னொன்று அதே போனுக்குள் இருக்கிறது. கன்னங்களில் கை வைத்து வாயைப் பிளக்கும் மஞ்சள் முகம், வீட்டில் மோட்டார் ஓடவில்லை என்றால்கூட எனக்கு அதைத்தான் அனுப்புவாள். அதற்குத் தாத்தா, நார்வேக்காரர் எட்வர்ட் மூங்க் வரைந்த ‘அலறல்’.

நான் சாப்பிடும்போது கட்டுரையின் தொடக்கத்தைப் படித்துக் காட்டினாள். “வான்கோவின் நீலம் மனத்துக்கு அமைதி தருகிறது. மூங்கின் சிவப்பு அச்சத்தைத் தருகிறது.”

“இதை எழுதியவர் பெயின்ட் டப்பாவைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்” என்றேன்.

“நான்தான் அப்பா எழுதினேன்.”

ரசம் புரையேறிவிட்டது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. நிறத்துக்கு இப்படி ஒரு அகராதி போட்டு, சிவப்பு என்றால் இன்னது, நீலம் என்றால் இன்னது என்று எழுதுவதைப் படித்தாலே எனக்குக் கை அரிக்கும். என் அப்பா சினிமா பேனர் வரைந்தவர். இராயபுரத்தில் ஒரு கொட்டகையில், நாற்பதடி முகத்தைப் பத்துப் பத்தடியாகப் பிரித்துக் கட்டம் போட்டு ஏற்றுவார்கள். கதாநாயகியின் கன்னத்தில் அப்பா பச்சை வைப்பார். அதே டப்பா, அதே பிரஷ், வில்லனின் தாடையிலும் அதே பச்சைதான். கிட்டப் போனால் கன்னம் பாசி பிடித்த சுவராகத் தெரியும். சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தால் அது வெட்கமாகத் தெரியும். பச்சை எங்கே நிற்கிறது, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் கணக்கு. இதை அப்பா வாயால் சொன்னதில்லை. பத்து வருடம் டப்பா கழுவிக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

அன்று மாலை வேலை முடிந்ததும் இரண்டு ஓவியங்களின் அளவையும் தேடிப் பார்த்தேன். எதைப் பார்த்தாலும் முதலில் அளவு கேட்பது எங்கள் தொழில் புத்தி. ‘நட்சத்திர இரவு’ 73.7 சென்டிமீட்டர் உயரம், 92.1 அகலம். 1893ஆம் ஆண்டின் ‘அலறல்’ 91 உயரம், 73.5 அகலம். ஷெட்டில் கிடந்த பிளைவுட்டில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். ஒரே பலகைதான். படுக்கவைத்தால் வான்கோ, நிமிர்த்தினால் மூங்க்! இரண்டுக்கும் இடையில் வெறும் நான்கு வருடம். இரண்டிலும் வானம் நெளிகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இரண்டிலும் திறந்திருக்கும் டப்பாக்களும் ஏறக்குறைய அவையேதான். வான்கோ நீலத்தை வாளிக் கணக்கிலும் மஞ்சளையும் ஆரஞ்சையும் கரண்டிக் கணக்கிலும் எடுத்திருக்கிறார். மூங்க் மேலே ஆரஞ்சையும் சிவப்பையும் விரித்து, கீழே கடலுக்குக் கருநீலத்தை வைத்திருக்கிறார். விகிதம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பிறகு ஏன் ஒன்றைப் போன் கவரில் போட்டுக்கொள்கிறோம், இன்னொன்றை மோட்டார் ஓடாததற்கு அனுப்புகிறோம்?

முதலில் வான்கோ. அந்த ஓவியம் நடுராத்திரி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அதிகம். 1889 மே மாதம் அவர் தாமாகவே போய், தெற்கு பிரான்சில் சான் ரெமி ஊருக்கு அருகே இருந்த மனநலக் காப்பகத்தில் சேர்ந்தார். அறையின் ஜன்னலில் இரும்புக் கம்பி, ஜன்னல் கிழக்குப் பார்த்தது. தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில், சூரியன் உதிக்க வெகுநேரம் முன்பே ஜன்னல் வழியாக வெளியைப் பார்த்ததாகவும், விடிவெள்ளி மட்டும் மிகப் பெரிதாகத் தெரிந்ததாகவும் சொல்கிறார். படத்தில் சைப்ரஸ் மரத்துக்கு வலப்பக்கம், நிலாவை விட்டால் மற்ற எல்லாவற்றையும்விட வெள்ளையாக வளையம் கட்டி நிற்பது அதுதான்.

விடிவெள்ளியை எங்கள் ஊரில் யாருக்கும் அறிமுகம் செய்யத் தேவையில்லை. எங்களுக்கும் கடல் கிழக்கு. படகு திரும்பும் நேரம், ஏலம் கூவும் நேரம், பெண்கள் கூடையோடு வந்து நிற்கும் நேரம் எல்லாமே அந்த வெள்ளி இருக்கும்போதுதான். அதனால் இதை நான் தூங்கும் ஊரின் படமாகப் பார்க்கவில்லை. எல்லாரும் தூங்க, ஒருவன் மட்டும் முன்னதாக எழுந்துவிட்ட நேரத்தின் படம் அது. அமைதி என்று என் மகள் எழுதியது இங்கேயே அடிபட்டுப்போகிறது.

அறைக்குள் வண்ணம் வைத்து வரைய அவருக்கு அனுமதியில்லை. பார்த்ததை மனத்தில் தூக்கிக்கொண்டுபோய், கீழ்த்தளத்தில் கொடுத்திருந்த இடத்தில் பகல் வெளிச்சத்தில் வரைந்திருக்கிறார். கீழே தெரியும் ஊரும் அப்படியே பார்த்து வரைந்ததில்லை, பாதி கற்பனை. தேவாலயக் கோபுரம் பிரான்சின் அந்தப் பக்கத்துக் கோபுரமாக இல்லாமல் அவர் பிறந்த ஹாலந்துக் கோபுரத்தைப் போல நிற்கிறது என்பார்கள். ஊரை விட்டு வந்தவன் கை தன் ஊரைத்தான் வரையும்.

வண்ணத்துக்கு வருகிறேன். வானத்துக்கு அல்ட்ராமரின், கோபால்ட் நீலம். நட்சத்திரத்துக்கும் நிலாவுக்கும் ஜிங்க் மஞ்சளோடு ‘இந்திய மஞ்சள்’ என்ற ஒன்றும் போட்டிருக்கிறார். நம்மூர்ச் சரக்கு. 1883இல் டி. என். முகர்ஜி என்பவர் பீகாரில் முங்கேர் பக்கம் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார்: மாடுகளுக்கு மாவிலையை மட்டுமே தீனியாகப் போட்டு, அவற்றின் மூத்திரத்தைக் காய்ச்சி உருண்டை பிடிப்பார்களாம். வேறு தீனி இல்லாததால் அந்த மாடுகள் எலும்பும் தோலுமாக இருந்தனவாம். இந்தப் பட்டினியிலிருந்துதான் அந்த நிலா வெளிச்சம் வந்தது என்று தெரிந்த நாளிலிருந்து, மகளின் போன் கவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாடும் தெரிகிறது.

ஆனால் அந்த வண்ணத்தை என்ன செய்தார் என்பதுதான் என்னை உட்காரவைத்தது. அசலை நான் பார்த்ததில்லை, நியூயார்க்கில் இருக்கிறது. பெரிதாக்கிப் பார்க்கக்கூடிய படம் இணையத்தில் கிடைக்கிறது. பெரிதாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வானம் காணாமல் போய் வெறும் பெயின்ட் நிற்கும். பட்டி போடுகிற கெட்டியில் போட்டிருக்கிறார். ஒவ்வொரு இழுப்பும் எங்கே தொடங்கியது, எங்கே தூக்கினார் என்பது தெரிகிறது. பிரஷ் மயிரின் வரிகூடக் கோடு கோடாகக் காய்ந்திருக்கிறது. விடிவெள்ளியைச் சுற்றி வட்டம் வட்டமாகப் போன கை, ஊரின் கூரைக்கு வந்ததும் சின்னச் சின்ன நேர்க்கோடாக அடங்குகிறது. பதற்றத்தில் இழுத்த கோடு இப்படி இருக்காது. சுழலுக்கு நடுவிலும் ஒவ்வொன்றையும் வைத்த இடத்தில் வைத்திருக்கிறார்.

இனி மூங்க். இவருடைய டைரியில் 1892 ஜனவரியில் ஒரு குறிப்பு இருக்கிறது. இரண்டு நண்பர்களோடு நடந்துபோகிறார், சூரியன் இறங்குகிறது, வானம் ரத்தச் சிவப்பாகிறது. அசதியில் வேலியில் சாய்கிறார். நண்பர்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள். இயற்கையை ஊடுருவி முடிவில்லாத ஓர் அலறல் போவதாக அவருக்குத் தோன்றுகிறது. ஆக, படத்தில் இருக்கிற மனிதன் அலறவில்லை. வெளியே கேட்கும் அலறலைத் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறான். போனில் இருக்கும் மஞ்சள் முகம் இதைத் தலைகீழாக்கிவிட்டது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. பாக்கிப் பணம் வாங்கத் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். அன்றைய வானம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. துடைத்து வைத்த நீலம், மேகமே இல்லை, வெயில்கூட இதமாக இருந்தது. தண்ணீர் ஏறி வந்து, கட்டிப்போட்டிருந்த படகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றியது. நான் ஐஸ் உடைக்கும் இடத்தின் மாடிப்படியில் நின்றிருந்தேன். மரம் மரத்தின் மேல் ஏறி உடைகிற அந்தச் சத்தம்! நான் கண்ணை மூடவில்லை, காதைத்தான் மூடினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று பல வருடம் எனக்கே புரியவில்லை.

இதை மகளிடம் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்போது அவள் பிறக்கவே இல்லை. பிறகு கேட்டாள்: “அப்படியென்றால் நீங்கள் அந்த நாளை வரைந்தால் நீலத்தில் வரைவீர்களா?” ஆமாம் என்றேன். சிவப்பு இருந்தால்தான் பயம் என்பதில்லை. நான் பார்த்த பெரிய பயம் போன் கவர் நீலத்தில்தான் இருந்தது.

“அப்படியானால் மூங்கின் படத்தில் பயம் எங்கிருந்து வருகிறது?”

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல ஒரு படகின் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. கொஞ்சம் வெட்கக்கேடான கதை. தனியாகத் தொழில் தொடங்கிய இரண்டாம் வருடம், ஒரு படகின் வெள்ளைப் பக்கத்தில் நீலத்தில் அலைப்பட்டை போட்டேன். பெயின்ட் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. கடைக்குப் போகச் சோம்பல்பட்டு தின்னரை ஊற்றி இழுத்தேன். மாலையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ராத்திரி கடல்காற்றில் ஈரம் ஏறி, காலையில் வந்து பார்த்தால் பட்டையிலிருந்து வெள்ளை மேல் நீலநீலமாக வழிந்து நின்றிருந்தது. படகுக்காரர் வந்தார், இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

“என்ன மேஸ்திரி, படகு அழுகிறது?”

முழுப் பக்கத்தையும் சுரண்டி, சொந்தக் காசில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். அன்றுதான் ஒன்று புரிந்தது. கெட்டிப் பெயின்ட் கை சொன்ன இடத்தில் நிற்கும். நீர்த்த பெயின்ட் தன் இஷ்டத்துக்குப் போகும், அதைப் பார்க்கிறவனுக்கு வயிற்றில் ஏதோ செய்யும்.

மூங்க் இதைத் தெரிந்தே செய்திருக்கிறார். அவர் எடுத்தது துணிகூட இல்லை, அட்டை. எண்ணெய் வண்ணம், தண்ணீரில் கரையும் டெம்பரா வண்ணம், கிரேயான் மூன்றையும் கலந்து அதில் போட்டிருக்கிறார். பிரைமர் அடிக்காத அட்டை எண்ணெயைக் குடித்துவிடும். மேலே பளபளப்பு நிற்காது, நிறம் வறண்டு, தூசி படிந்ததைப் போல இருக்கும். பல இடங்களில் அட்டையின் பழுப்பு அப்படியே தெரிகிறது. எங்கள் தொழிலில் இப்படி விட்டால் கூலி கிடைக்காது. வான்கோவும் இழுப்புக்கு இழுப்பு நடுவே துணியைக் கொஞ்சம் விட்டிருக்கிறார், ஆனால் அங்கே அது இரண்டு செங்கலுக்கு நடுவில் விடும் சந்து. இங்கே சுவரே இல்லை. அந்த மனிதனுக்கு எலும்பு இருக்கிறதா என்றுகூடச் சந்தேகமாக இருக்கிறது. வானத்தின் வளைவு எதுவோ அதுவே அவன் உடம்பின் வளைவும். அவனைச் சுற்றி ஒரு எல்லைக்கோடு போட மூங்குக்கு மனமில்லை, அல்லது போட்டால் பயம் போய்விடும் என்று தெரிந்திருக்கிறது.

இந்த இடத்தில் மகள் என்னை மடக்கினாள். “எல்லாம் நெளிகிறது என்கிறீர்களே அப்பா, பாலத்தைப் பாருங்கள்.” பார்த்தேன். கைப்பிடி அடிமட்டம் வைத்துப் போட்டதைப் போல நேராக ஓடுகிறது. கோடியில் போகும் இரண்டு நண்பர்களும் நட்டுவைத்த கம்பம்போல இருக்கிறார்கள். “அவர்களுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அதனால்தான் அவர்கள் நேராக இருக்கிறார்கள்” என்றாள். இருபது வருடமாகக் கோடு போடுகிற எனக்கு இது தோன்றவில்லை. கட்டுரையில் அதை முதல் வரியாகப் போடச் சொன்னேன்.

‘அலறல்’ பற்றிப் படிக்கப்போய் ஒரு வேடிக்கையும் கிடைத்தது. அந்த 1893 படத்தில் வெள்ளையாகச் சில துளிகள் சிந்தியிருக்கின்றன. பல காலம் பறவை எச்சம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். 2016இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து மெழுகு என்றார்கள். காசிமேட்டில் ஒரு பையனைக் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பான். காக்கை எச்சம் விழுந்த பெயின்ட் அப்படியே இருக்காது, எச்சம் அதை அரித்துத் தின்றுவிடும். புது எனாமலுக்கு எதிரி வெயிலா மழையா என்று கேட்டால் காக்கை என்றுதான் நான் சொல்வேன். மூங்க் 1910 வாக்கில் செய்த இன்னொரு ‘அலறல்’ இருக்கிறது, அதில் காட்மியம் மஞ்சள் வெளுத்து உதிர்கிறது. வெளிச்சத்தைவிட ஈரப்பதம்தான் முக்கியக் காரணம் என்று 2020இல் கண்டுபிடித்தார்கள். ஈரப்பதத்தைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

மூங்க் அதே படத்தை வண்ணத்தில் நான்கு தடவை செய்திருக்கிறார், கல்லச்சிலும் ஒன்று போட்டிருக்கிறார். வண்ணச் சுண்ணக்குச்சியால் 1895இல் வரைந்த பேஸ்டல் படம் 2012இல் கிட்டத்தட்ட 12 கோடி டாலருக்கு ஏலம் போனது. முதல் படத்தின் சிவப்பு வானத்தில், இடது மேல் மூலையில், பென்சிலால் பொடியாக ஒரு வரி இருக்கிறது: பைத்தியக்காரன் ஒருவன்தான் இதை வரைந்திருக்க முடியும் என்று. யாரோ பார்வையாளர் கிறுக்கியது என்று நினைத்திருந்தார்கள். 2021இல் அகச்சிவப்புக் கதிரில் படமெடுத்து, எழுத்தை ஒப்பிட்டு, மூங்கின் கையெழுத்தேதான் என்று ஆஸ்லோ தேசிய அருங்காட்சியகம் சொன்னது. வான்கோ தன் பங்குக்கு, நட்சத்திரங்களைப் பெரிதாக்கப்போய் மறுபடியும் தோற்றுவிட்டதாக அதே 1889 நவம்பரில் நண்பர் ஒருவருக்கு எழுதினார். காய்ந்த பிறகு தன் வேலையைப் பார்த்து நொந்துகொள்ளாத பெயின்டரை நானும் பார்த்ததில்லை.

போன் கவர் பற்றி ஒரு புகார் மட்டும் சொல்லிவிடுகிறேன். அதைக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள், வழவழவென்று இருக்கும். ‘நட்சத்திர இரவு’ போய்விட்டது, டிசைன் மட்டும் மிச்சம். மேடு பள்ளம் இல்லாத வான்கோ எங்கள் வீட்டு ஜன்னல் திரைத் துணிதான். மூங்கை அச்சடித்தால் அவ்வளவு நஷ்டமில்லை. அவர் ஏற்கெனவே மெல்லிசாக இருப்பதால் காகிதத்தில் அவருக்குப் பழக்கமான இடம்தான்.

“அசலைப் பார்க்காமல் இதை எப்படி எழுதுவது?” என்று கேட்டாள் மகள். அதனால் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிளைவுட்டையே எடுத்தோம். நடுவில் ஒரு கோடு. டப்பா இரண்டே இரண்டு, மிச்சமிருந்த நீலமும் மஞ்சளும். ஒரு பாதிக்கு இரண்டையும் அடியில் தங்கிய கெட்டியோடு பட்டித் தகட்டில் அள்ளி அவள் அப்பினாள். இன்னொரு பாதியில் பிரைமர் இல்லாமல், தின்னர் நிறைய ஊற்றி நான் இழுத்தேன், மனசாட்சி குத்தக் குத்த. வேண்டுமென்றே தப்பாகப் பெயின்ட் அடிப்பது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது. கை தானாகப் போய் வழிந்ததைத் துடைக்கிறது. இரண்டு முறை என் கையைத் தட்டிவிட்டாள்.

என் பாதி அன்று மாலையே காய்ந்துவிட்டது. மஞ்சள் மரத்துக்குள் இறங்கிச் செத்துப்போய், நீலம் அதன்மேல் நான்கு இடத்தில் வழிந்திருந்தது. எங்கள் ஷெட்டில் வேலை பார்க்கும் பையன் வந்து பார்த்துவிட்டு, “இது யார் அண்ணே அடித்தது?” என்று மரியாதையாகக் கேட்டான்.

வான்கோ ஜூனில் வரைந்த அந்தப் படத்தைச் செப்டம்பரில்தான் தம்பிக்கு அனுப்பினார். கெட்டியாகப் போட்டால் காத்திருக்கத்தான் வேண்டும். மகளின் பாதிக்கு இன்று நான்காவது நாள். காலையில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். மேலே தோல் கட்டியிருக்கிறது, அமுக்கினால் உள்ளே இன்னும் ஈரம். என் ரேகை மஞ்சளில் பதிந்துவிட்டது, அவளிடம் இன்னும் சொல்லவில்லை.